குமாஸ்தா எழுத்தைத் தேடி ஆலத்தியூர் வரை

சீனாவுக்கே போகாதவள் சீன எழுத்தைப் பற்றி மேடையில் பேசுவதா என்று ஒருவர் கேட்டார். அதனால்தான் இந்த ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆலத்தியூர் போய் வந்தேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. விமான டிக்கெட்டுக்கு வழியும் கிடையாது. ஆனால் பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸிலும் அதற்கு மேல் முக்கால் மணி நேரம் வேனிலும் போனால் சீனர்கள் இருக்கிறார்கள். அவர்களே இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது நான் எதற்குச் சீனாவுக்குப் போக வேண்டும்?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். மூன்று வருடங்களுக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் ஒரு சீன அகராதியையும் தூரிகைப் பயிற்சிப் புத்தகத்தையும் கொண்டுவந்து, "யாருக்காச்சும் குடுத்துடு, எனக்கு வேணாம்" என்று போட்டுவிட்டுப் போனான். யாருக்கும் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு தினமும் கொஞ்சம் எழுதிப் பார்ப்பேன். இப்போது சில நூறு எழுத்துகள் தெரியும். உச்சரிப்பு சுத்தமாக வராது. வராது என்பதை நானே சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் வந்து யாரும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அந்தப் பயிற்சிப் புத்தகத்தில் பல வகை எழுத்துகள் இருந்தன. மிகப் பழையது முத்திரைகளில் வெட்டும் வகை. வளைந்து நெளிந்து, கோலம் போட்டது மாதிரி இருக்கும். அதற்கு அடுத்து ஒன்று வரும், லிஷு என்று பெயர். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப்போனது அதுதான். வளைவெல்லாம் நேராகி, உருண்டையெல்லாம் சதுரமாகி, எழுத்தே அமுக்கி வைத்தது போலக் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். ஒவ்வொரு எழுத்திலும் ஒரே ஒரு கோடு மட்டும் வாத்தின் வால் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு முடியும். ஒரு எழுத்தில் இரண்டு வால் வரக் கூடாதாம். பெயரில் உள்ள 'லி' என்பதற்கு ஏவலாள், அடிமை, கீழ்நிலை ஊழியன் என்றெல்லாம் அகராதி பொருள் சொல்கிறது. அரண்மனையில் கணக்கும் வழக்கும் எழுதிய கீழ்நிலை ஆட்களின் கையெழுத்து அது. நான் அதற்குக் குமாஸ்தா எழுத்து என்று பெயர் வைத்தேன்.

அது எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. சீனாவின் முதல் பேரரசருக்குக் கோபம் வந்து ஒரு சிறை அதிகாரியைப் பிடித்து உள்ளே போட்டாராம். அவர் பத்து வருடம் சிறையில் உட்கார்ந்து மூவாயிரம் எழுத்துகளை எளிமையாக்கினாராம். பேரரசர் மகிழ்ந்து விடுதலை செய்து பெரிய பதவியும் கொடுத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுபதுகளில் ஒரு சின்ன அதிகாரியின் கல்லறையைத் தோண்டியபோது, அவர் கூடவே எழுதுவதற்காகச் சீவிய மூங்கில் சட்டங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. எல்லாம் அலுவலக எழுத்து. சட்ட விதிகள், விசாரணை முறைகள். அவற்றிலேயே வளைவுகள் நேராகத் தொடங்கிவிட்டன. வேறு இடத்தில் கிடைத்த ஒரு மரப்பலகை அந்தப் பேரரசர் பிறப்பதற்கும் முந்தையது. அதிலும் அந்தச் சாயல் இருக்கிறது. அப்படியென்றால் சிறையில் இருந்தவர் எதைக் கண்டுபிடித்தார்? ஊர் முழுக்கக் குமாஸ்தாக்கள் எழுதிக்கொண்டிருந்ததைத் தொகுத்திருப்பார், அவ்வளவுதான். நான் வரைவு எழுதிய கோப்பில் அதிகாரி கையெழுத்துப் போடுவதில்லையா? பிறகு அது அவர் கடிதம் என்றுதானே ஆகிறது? எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது.

இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தை நடத்தும் பேராசிரியர் என்னைப் பேச அழைத்தார். ஓய்வு பெற்றவர், நன்றாகப் படித்தவர். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம் நடக்கும். நான் இதுவரை மேடை ஏறியதில்லை. நாற்பத்தொரு வயதில் முதல் தடவை ஒருவர் 'உரை' என்று சொல்லி என் பெயரைப் போடப்போகிறார் என்றதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. உரையை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"குமாஸ்தா எழுத்துன்னு பேர் வெச்சா யாரும்மா கூட்டத்துக்கு வருவா? ஒரு மேதை கண்டுபிடிச்சதுன்னு உலகமே சொல்லுது. நீங்க இல்லேங்கறீங்க. நீங்க சீனா போயிருக்கீங்களா?"

"இல்லீங்க சார்."

"ஒரு சீனாக்காரர்கிட்டயாச்சும் பேசியிருக்கீங்களா?"

"இல்லீங்க சார்."

"ஒரே ஒருத்தர், சீனம் பேசிப் பொறந்தவர், நீங்க சொல்றது சரிதான்னு சொல்லட்டும். மேடை உங்களுது. இல்லேன்னா அந்தத் தலைப்புல நானே பேசிடறேன்."

சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இறங்கும்போதே ஜாபர் பாய் நினைவுக்கு வந்துவிட்டார். எங்கள் தெருக்காரர், லப்பைக்குடிக்காட்டிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக இங்கே குடிவந்தவர். துபாயில் பல வருடம் வண்டி ஓட்டினார். அங்கே கட்டட வேலைக்கு வந்த சீனர்களை ஏற்றி இறக்கிப் பழக்கம். இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறார். ஆலத்தியூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் விரிவாக்க வேலைக்கு வந்திருக்கும் சீனர்களுக்கு அவர்தான் வண்டி. ஆலை எது என்று எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

விஷயத்தைக் கேட்டதும், "அட, இம்புட்டுத்தானா தங்கச்சி? சனிக்கிழம காலைல ஒரு ஆள அரியலூர் ஸ்டேஷன்ல எறக்கி வுடணும். திரும்பறப்ப வண்டி காலிதான். நீங்க அரியலூர் வந்துடுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பெரம்பலூரிலிருந்து ஆலத்தியூருக்கு அரியலூரைச் சுற்றாமலும் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் பஸ் குறைவு, நான் வேனை நம்பிப் போனேன். காலை ஆறே முக்காலுக்குப் புதிய பஸ் நிலையத்தில் அரியலூர் பஸ் கிடைத்தது. டிக்கெட் ஒன்பது ரூபாய். சுமார் முப்பது கிலோமீட்டர். ஜன்னலோரம் கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் மூஞ்சியில் அடிக்காது என்று யாரோ ஒரு வலைப்பதிவில் எழுதியிருந்தார்கள். நம்பி உட்கார்ந்தேன். நன்றாகவே அடித்தது. பேரளி தாண்டியதும் பருத்திக் காடுகளும் சோளமும் வந்தன. என் மடியில் ஒரு துணிப்பை, அதில் அகராதி, நான் எழுதிய பத்துப் பதினைந்து தாள்கள், மூங்கில் சட்டங்களின் படம் அச்சிட்ட ஒரு காகிதம். அந்தக் காகிதம் நெட் சென்டரில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து எடுத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அந்தத் தாளை எட்டிப் பார்த்து, "இது என்னாங்க, மந்திரமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, சீனாக்காரங்க எழுத்து."

"எங்க வூட்டுப் பத்திரம் கூட இப்படித்தான் இருக்கு. ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் சொன்னது தப்பில்லை. நானே எத்தனையோ பத்திரங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அரியலூரில் எட்டு மணிக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, பதினான்கு ரூபாய். பாய் எட்டரைக்கு வந்தார். செந்துறை சாலையில் வண்டி திரும்பியதும் லாரிகள் தொடங்கின. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், தார்ப்பாய் போட்டிருந்தாலும் தூள் பறக்கும். சாலையோரக் கருவேல மரங்கள் எல்லாம் மாவு அப்பியது மாதிரி நிற்கும். பாய் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். ஏற்றினால் வெந்துவிடுவோம், இறக்கினால் தும்முவோம். நாங்கள் மாறி மாறி இரண்டையும் செய்தோம். அரியலூரிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், லாரிகளால் முக்கால் மணி நேரம் ஆனது.

போகும் வழியில் பாய் எனக்குப் பாடம் நடத்தினார். "லியுன்னு ஒருத்தர் இருக்காரு, இஞ்சினியர். இங்கிலீஷ் பேசுவாரு. தங்கமான மனுசன். ஆனா ஒண்ணு, இல்லைன்னு நேரா சொல்ல மாட்டாங்க. ம்ம்னு இழுத்தாங்கன்னா இல்லைன்னு அர்த்தம். துபாய்ல நான் இது தெரியாம ரெண்டு மாசம் லீவு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சீனர்கள் ஆலைக்குள் தங்கவில்லை. ஊருக்குள் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டுச் சமையல் செய்கிறார்கள். நாங்கள் போனபோது லியு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆடி வெயிலில் வெந்நீர்! ஐம்பது வயது இருக்கும். ஆலையில் சிமெண்ட் சூளை பொருத்துவது அவர் வேலை. அவர் பேசியது ஆங்கிலத்தில், நானும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் பேசினேன். இங்கே தமிழில் தருகிறேன்.

என் தாள்களை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்து, "இங்கே இரண்டு வால்" என்றார். பார்த்தேன், ஆமாம், ஒரே எழுத்தில் இரண்டு வால் போட்டிருக்கிறேன். மூன்று வருடமாக அதை அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். காது சுட்டது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டேன். இந்த எழுத்தை உண்டாக்கியது யார்?

அவர் யோசிக்கவே இல்லை. "பள்ளியில் படித்தோம். ஒரு அதிகாரி. பேரரசர் சிறையில் போட்டார். பத்து வருடம். அவர் உண்டாக்கினார்."

நான் விடவில்லை. மூங்கில் சட்டங்களின் படத்தை எடுத்து நீட்டினேன். அந்தக் கல்லறை, அந்த மரப்பலகை, எல்லாம் சொன்னேன். ஒரே ஆள் மூவாயிரம் எழுத்தை மாற்றி, அதை நாடே மறுநாளிலிருந்து எழுதுமா என்று கேட்டேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ம்ம்ம்" என்று நீளமாக இழுத்தார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். எனக்கு ஜாடை தேவைப்படவில்லை.

"தேர்வில் அந்த அதிகாரியைப் பற்றி எழுதினால் மதிப்பெண் உண்டு. எனக்குச் சூளைதான் தெரியும்" என்றார் லியு. பிறகு, வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்று எழுந்துவிட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. இவ்வளவு தூரம் புழுதி தின்றுகொண்டு வந்து, பேராசிரியரின் கட்சிக்கு ஓர் ஆள் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன். வேண்டாத வேலை என்று என் வீட்டில் சொன்னார்கள், அது வேறு காதில் ஒலித்தது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் பசித்தது. அந்த வீட்டுச் சமையலின் வாசனை ஆளைத் தூக்கியது. பிறகு கோபப்பட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன்.

தகரக் கொட்டகையில் சமையல்காரர் பெரிய வாணலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு பலகை, அதில் சாக்பீஸால் வரிசையாக ஏதோ எழுதியிருந்தது. நம் கண்தான் எழுத்தைக் கண்டால் சும்மா இருக்காதே. மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். பாதி தெரியவில்லை. நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மேலே சூரியன், கீழே ஒரு கோடு. நான் படித்த முதல் பத்து எழுத்துகளில் ஒன்று அது. அடிவானத்தில் சூரியன், அதாவது விடியல். பக்கத்தில் நாற்பது என்று எண். எனக்குப் புரிந்துவிட்டது. விடிகாலை ஷிஃப்டில் நாற்பது பேருக்குச் சாப்பாடு!

பேராசிரியருக்காக இல்லாவிட்டாலும் எனக்காகவாவது ஓர் இடத்தில் ஜெயிக்க வேண்டும் என்று இருந்ததால் சத்தமாகவே சொன்னேன். "விடியல் ஷிஃப்ட், நாற்பது பேர், சரிதானே?"

லியு பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சமையல்காரரிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பிட உட்கார்ந்திருந்த இன்னும் மூன்று பேர் சிரித்தார்கள். என்னவென்றே தெரியாமல் பாயும் சேர்ந்து சிரித்தார்.

"முட்டை" என்றார் லியு. "நாற்பது முட்டை வாங்க வேண்டும்."

இங்கே சாதாரணமாக ஒருவர் வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்வார். நான் அகராதியை எடுத்தேன். ஆமாம், ஒரு சீனரோடு சீன எழுத்தைப் பற்றிச் சண்டைக்கு நின்றேன். "முட்டைக்கு எழுத்து வேறு. இதோ பாருங்கள். பதினொரு கோடு. கீழே பூச்சி என்ற எழுத்து வரும். இது ஐந்தே கோடு, இதற்கு அர்த்தம் விடியல்."

"அகராதி சரி" என்றார் லியு. "பலகையும் சரி. சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். பதினொரு கோடு போட யாருக்கு நேரம்? கடையில், சந்தையில், சாப்பாட்டுக் கடையில், எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள்."

"உங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களா?"

"இல்லை. பள்ளியில் எழுதினால் தப்பு."

"அப்படியென்றால் இதைக் கண்டுபிடித்தது யார்?"

அவர் சமையல்காரரிடம் கேட்டார். சமையல்காரர் தோளைக் குலுக்கிவிட்டு வாணலிக்குத் திரும்பினார். லியு என் பக்கம் திரும்பி, "யாரும் இல்லை. எல்லாரும்தான்" என்றார்.

நான் தேடி வந்தது அதுதான். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் மூங்கில் சட்டத்தில் ஒரு வளைவை நேராக்கியவனுக்கும் கைவலிதான் காரணம், மேதைமை இல்லை. ஜூன் மாதத்தில் பள்ளிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் கேட்டு வாசல் வரை வரிசை நிற்கும்போது, காலையில் நான் எழுதும் 'பெரம்பலூர்' வேறு, மாலையில் எழுதும் 'பெரம்பலூர்' வேறு. மாலையில் அதில் பாதி எழுத்து இருக்காது. ஆனால் அதை எங்கள் ஊரில் படிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை.

தாளின் பின்பக்கத்தில் லியுவுக்கு ஒன்றை எழுதிக் காட்டினேன்: ௸. பழைய பத்திரங்களில் 'மேற்படி' என்பதற்குப் போடும் குறி இது. ஒரு பத்திரத்தில் மேற்படி நிலம், மேற்படி கிரயம், மேற்படியார் என்று முப்பது இடத்தில் வரும். எழுதியவன் கை கெஞ்சியிருக்கும். நான்கு எழுத்தை ஒரு சுழியாக்கிவிட்டான்.

"யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார் லியு.

"யாரும் இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

பாய் எட்டிப் பார்த்தார். "இது எங்க அத்தாவோட பத்திரத்துல பக்கத்துக்குப் பக்கம் கெடக்கும் தங்கச்சி. இத்தன நாளா பூச்சி அரிச்ச அடையாளம்னு நெனச்சுட்டு இருந்தேன், யா அல்லாஹ்."

சாப்பாடு வந்தது. தக்காளியும் முட்டையும் போட்டு வதக்கியது, வெள்ளைச் சோறு, ஏதோ ஒரு கீரை. முட்டையில் கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தார்கள். முதல் வாய் ஒரு மாதிரி இருந்தது, மூன்றாவது வாய்க்குப் பழகிவிட்டது. கிளம்பும்போது லியுவிடம் நேராகவே கேட்டேன். ஞாயிறு கூட்டத்தில் நான் சொல்வது சரி என்று நீங்கள் சொன்னதாகச் சொல்லலாமா?

அவர் இந்த முறை இழுக்கவில்லை. "என் பள்ளி தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியாது. முட்டையை எப்படி எழுதுகிறோம் என்று தெரியும். அதைச் சொல்லுங்கள்."

திரும்பும் வழியில் பாய், "ஆக, நமக்கு மேடை உண்டா இல்லியா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. ஆனால் காலையில் வந்தவளுக்குத் தெரிந்ததைவிட எனக்கு இப்போது ஒன்று கூடுதலாகத் தெரியும் என்பது மட்டும் நிச்சயம். டீசலுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டு, பிறகு வாங்கிக்கொண்டார். அரியலூரில் மூன்றரை பஸ்ஸைப் பிடித்து ஐந்து மணிக்குள் வீடு வந்துவிட்டேன்.

அன்று மாலையே பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிறைக்கதையை லியு சொன்னதையும் மறைக்கவில்லை. பாதியிலேயே அவருக்குத் திருப்தியாகிவிட்டது.

"பாத்தீங்களா? அந்த ஊர்க்காரரே சொல்லிட்டார். முட்டை கிட்டையெல்லாம் வேணாம்மா. அந்தத் தலைப்புல நான் பேசிக்கறேன். நீங்க மனசு சங்கடப்படக் கூடாது. நன்றியுரை உங்க பேர்ல போட்டுடறேன். கடைசியில ஒரு லேடீஸ் பேசினா நல்லா இருக்கும்."

நம் ஊர்க் கூட்டங்கள் தெரியும்தானே? வரவேற்புரையும் நன்றியுரையும் பெண்களுக்கு. நன்றியுரை தொடங்கும்போது ஆண்கள் செருப்பைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மிச்சத்தைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆலை வாசலில் போய் நின்று சீனர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்காதீர்கள், விரட்டிவிடுவார்கள். தெரிந்தவர் மூலம் சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துணி துவைப்பார்கள், சனிக்கிழமை காலை நல்லது. மூக்கைக் கட்ட ஒரு துண்டு கட்டாயம். பஸ்ஸில் இடது பக்கம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அரியலூரைத் தாண்டினால் உட்கார்ந்து சாப்பிடக் கடை அதிகம் இல்லை, முடிப்பதை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு எனக்கு இருநூறு ரூபாய்க்குள். அகராதி கொண்டுபோங்கள், ஆனால் பலகையில் இருப்பதை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் அகராதியைத் திறங்கள். மிக முக்கியமாக, உங்கள் கட்சிக்கு ஆள் சேர்க்கப் போகாதீர்கள். போனால் என்னை மாதிரி எதிர்க்கட்சிக்காரர் கையால் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். ஆனாலும் போங்கள்.

இனி அந்த ஞாயிறு. முப்பது பேர் வந்திருந்தார்கள். பேராசிரியர் ஐம்பது நிமிடம் பேசினார். இருட்டுச் சிறை, தனிமையில் ஒரு மேதை, கண்ணீர் விட்ட பேரரசர் என்று அழகாகத்தான் பேசினார். கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கைதட்டல் முடிந்ததும் என்னை அழைத்தார்கள். செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

மைக்கைப் பிடித்தேன். மாடி கொடுத்த டியூஷன் சென்டர் உரிமையாளருக்கு நன்றி சொன்னேன். டீ கொடுத்தவருக்கு நன்றி. சிறப்புரை ஆற்றிய பேராசிரியருக்கு நன்றி. ஆலத்தியூரில் ஒரு சீனப் பொறியாளரும் பேராசிரியர் சொன்ன கதையையே சொன்னார், அவருக்கும் நன்றி. பேராசிரியர் புன்னகையோடு தலையாட்டினார்.

"இன்னும் கொஞ்சம் பேருக்கு நன்றி பாக்கி இருக்குங்க" என்றேன். "அவங்க பேர் யாருக்கும் தெரியாது. எல்லாரும் குமாஸ்தா." மூங்கில் சட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கல்லறையைப் பற்றிச் சொன்னேன். கரும்பலகையில் முதலில் பதினொரு கோட்டு முட்டையை எழுதினேன், பக்கத்தில் ஐந்து கோட்டு முட்டையை எழுதினேன். எழுந்தவர்களில் சிலர் அப்படியே நின்று பார்த்தார்கள்.

பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நன்றியுரைல முட்டை எதுக்கும்மா? பேரரசுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். கூட்டம் சிரித்தது.

"பேரரசருக்கு எத்தனை முட்டை வந்துச்சுன்னு எழுதினது பேரரசர் இல்லீங்க சார். என்னை மாதிரி ஒரு கிளார்க். அவங்களுக்குத்தான் நன்றி சொல்லிட்டிருக்கேன். இன்னும் முடியல, உக்காருங்க."

உட்காருங்கள் என்று நான் சொன்னது அவருக்கா, எழுந்து நின்றவர்களுக்கா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். நின்றவர்களில் இரண்டு பேர் கடைசி பஸ் என்று கிளம்பினார்கள், மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் முக்கால் மணி நேரம் நன்றி சொன்னேன்.